அத்தியாயம் 9: பறவையைத் தொடாமல் பறவை நாய்ப் போட்டி

ஆரணியில் லேப்ரடார் வளர்க்கும் வீடுகள் பெருகிவிட்டன. கோல்டன் ரிட்ரீவரும் காக்கர் ஸ்பேனியலும் அங்கங்கே உண்டு. மூன்றுமே பறவை வேட்டைக்கென்று உருவாக்கப்பட்ட இனங்கள். வாங்கும்போது இதைப் பலரும் யோசிப்பதில்லை. மாடியில் கட்டிப்போட்டுப் பால்சோறும் பிஸ்கட்டும் கொடுத்து வளர்க்கிறார்கள். இரண்டு வயதில் நாய் 40 கிலோவைத் தொட்டதும் "சும்மா படுத்தே கெடக்குது சார்" என்று கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள். அந்த நாய்க்கு வியாதி எதுவும் இல்லை, வேலைதான் இல்லை. மோப்பம் பிடித்துத் தேடி, கண்டுபிடித்ததை வாயில் நோகாமல் ஏந்தி எஜமானரிடம் கொண்டுவரப் பல தலைமுறைகளாகப் பழக்கப்பட்ட உயிர் அது.

அந்த வேலையைச் சோதிப்பதற்கென்றே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருபவை பறவை நாய்க் களப்போட்டிகள். நம் சட்டத்துக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி மாற்றி, ஒரு பறவையைக்கூடத் தொந்தரவு செய்யாமல் அதை ஆரணி வட்டாரத்தில் எப்படிப் பழக்குவது, எப்படி நடத்திப் பார்ப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

போட்டியில் என்ன நடக்கிறது

1859-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி தொடங்கியபோது அதில் பாயிண்டர், செட்டர் ஆகிய இரண்டு வகை பறவை நாய்கள் மட்டுமே கலந்துகொண்டன. கண்காட்சியில் நாயின் உடற்கட்டைப் பார்க்கலாம், மூக்கைப் பார்க்க முடியாது. அடுத்த சில ஆண்டுகளில், 1865 ஏப்ரல் 18 அன்று, பெட்ஃபோர்ட்ஷயரில் சவுத்தில் என்ற பண்ணை நிலத்தில் நாய்களை வயலில் இறக்கிச் சோதித்தார்கள். பதிவான முதல் களப்போட்டி அதுதான். 1874-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகருக்கு அருகே அந்நாட்டின் முதல் போட்டி நடந்தது. இன்று அங்கே மிகப் பெரியது டென்னசி மாநிலம் கிராண்ட் ஜங்ஷனில், 18,000 ஏக்கருக்கு மேல் பரந்த ஏம்ஸ் பண்ணையில் நடக்கும் தேசியப் பறவை நாய்ப் போட்டி. ஒவ்வொரு சுற்றும் 3 மணி நேரம். நாயின் பின்னால் நடுவர்களும் பார்வையாளர்களும் குதிரையில் போவார்கள்.

இனத்துக்கு இனம் சோதனை மாறும். பாயிண்டர் வயலில் வெகுதூரம் ஓடித் தேடும். காற்றில் மணம் கிடைத்ததும், பறவை பதுங்கியிருக்கும் புதருக்குச் சற்று முன்னால் ஒரு முன்காலை மடக்கி அசையாமல் நின்றுவிடும். எஜமானர் நடந்து வந்து சேரும்வரை அந்த நிலை கலையக் கூடாது. பறவை படபடத்து எழுந்தாலும் துரத்தக் கூடாது. இரண்டு நாய்களை ஜோடியாக விடுவதும் உண்டு. ஒன்று மணம் பிடித்து நின்றால் மற்றது, தனக்கு எந்த மணமும் கிடைக்காவிட்டாலும், அதைப் பார்த்த இடத்திலேயே நின்று மரியாதை காட்ட வேண்டும். என் கணிப்பில் இந்தப் போட்டிகளிலேயே பழக்கக் கடினமான பாடம் இதுதான்.

ஸ்பேனியல் அப்படித் தூரம் போகக் கூடாது. துப்பாக்கி எட்டும் தொலைவுக்குள், சுமார் 30 மீட்டருக்குள், புதர் புதராக நுழைந்து பறவையைக் கிளப்பிவிட்டு அந்தக் கணமே உட்கார்ந்துவிட வேண்டும். ரிட்ரீவருக்கு வேலை கடைசியில்தான். சத்தம் போடாமல் உட்கார்ந்து, பறவை விழுந்த இடத்தை நினைவில் வைத்து, சொன்ன பிறகே போய், பல் பதியாமல் எடுத்து வர வேண்டும். சொல்லாமல் பாய்வது, துரத்துவது, முனகுவது, குரைப்பது, எடுத்ததைக் கடித்து நசுக்குவது, தண்ணீரில் இறங்க மறுப்பது எல்லாம் பிரிட்டிஷ் விதிகளின்படி நாயை உடனே வெளியேற்றும் குற்றங்கள். எவ்வளவு வேகமான நாயாக இருந்தாலும் சலுகை கிடையாது.

இவை ஒருவர் வெல்லப் பலர் தோற்கும் போட்டிகள். இவற்றின் அருகிலேயே இன்னும் இரண்டு வகை வளர்ந்தன. ஒன்று, அமெரிக்கன் கென்னல் கிளப் 1985-ல் தொடங்கிய தகுதித் தேர்வு. அதில் நாய்க்கு நாய் ஒப்பீடு இல்லை, குறித்த தரத்தைத் தொட்ட நாய் எல்லாம் தேறும். இன்னொன்று, பிரிட்டனில் வேட்டைப் பருவம் இல்லாத மாதங்களில் நடக்கும் டம்மி சோதனை. பறவையே இல்லாமல், சுமார் 450 கிராம் எடையுள்ள கான்வாஸ் பொதியை எறிந்தும் ஒளித்தும் நாயைச் சோதிக்கிறார்கள். ஆரணிக்கு நமக்கு வேண்டிய அச்சு இந்த மூன்றாவது வகை.

சட்டம் சொல்வது

இதை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் காட்டுப் பறவையை வைத்து இந்தப் போட்டியை நடத்தக் கூடாது. சுடாமல், பறவையைக் கிளப்பி மட்டும் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. நாயை விட்டுத் துரத்துவது, விரட்டி ஓட்டுவது, பொறி வைப்பது, இவற்றுக்கு முயல்வது, பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பது எல்லாமே வேட்டைதான். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் போல முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு.

வளர்ப்புப் புறாவையோ பண்ணைக் காடையையோ பறக்கவிட்டுப் பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், வேடிக்கைக்காக ஒரு பிராணியை இன்னொன்றுக்கு இரையாக அடைத்துவைப்பதையும், கூண்டிலிருந்து திறந்துவிட்டுச் சுடும் பந்தயத்தையும் 11-ஆம் பிரிவிலேயே குற்றம் என்கிறது. நாய்களை வைத்துச் சிறு சோதனை நாள் நடத்தினால் பார்வையாளர்களுக்கு டிக்கெட் போடாதீர்கள். கட்டணம் வாங்கி விலங்கைக் காட்சிக்கு விட்டால் விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டிய விதிகளுக்குள் போய்விடுவீர்கள்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். நம் மானாவாரிக் கொல்லைகளில் கௌதாரி விடியற்காலையில் கூப்பிடும் சத்தம் இன்னும் கேட்கிறதே, அது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாயின் மூக்கைப் பழக்க அந்தப் பறவை நமக்குத் தேவையே இல்லை.

எந்த நாய்

லேப்ரடார், கோல்டன், காக்கர் ஆகிய மூன்றும் உடனே தொடங்கலாம். பாயிண்டரோ செட்டரோ கிடைத்தால் நல்லது, ஆனால் அதைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். புதிதாகக் குட்டி வாங்குபவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்க 2017-ஆம் ஆண்டு விதிகள் அனுமதிப்பதில்லை. "பால் மறந்துடுச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று 5 வாரக் குட்டியைக் கையில் திணிப்பவரிடம் வாங்காதீர்கள். இரண்டாவது, தாயை நேரில் பாருங்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் வம்சாவளியைச் சொல்லும், மூக்கைச் சொல்லாது. தாய் நாய் புது ஆளை நிதானமாக மோந்து பார்க்கிறதா, ஒரு பந்தை உருட்டினால் எடுத்து வருகிறதா என்பது அந்தக் காகிதத்தைவிட அதிகம் சொல்லும்.

நம் ஊர் வேட்டை இனங்கள் வேறு வழியில் வந்தவை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் நாய்கள். ராஜபாளையத்துக்கு 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. இவற்றைப் பறவை நாயாக மாற்ற முயல்வது அவற்றுக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம். ஆனால் கீழே வரும் நிலைத்து நிற்கும் பயிற்சி இவற்றுக்கும் மிகவும் தேவை. தெருவில் பிறந்த நாட்டு நாயை எடுத்து வளர்ப்பவர்கள் தயங்காமல் வாருங்கள். அதன் மூக்கு எந்த இறக்குமதி இனத்துக்கும் இளைத்ததில்லை. வெயிலை அது தாங்கும் அளவுக்கு லேப்ரடார் தாங்காது.

களமும் காலமும்

பொங்கல் முதல் மார்ச் பாதி வரை நமக்குப் பொற்காலம். சம்பா அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயல்கள் காய்ந்து கிடக்கும், விடியலில் பனி இருக்கும். பனி ஈரத்தில் மணம் தரையோடு ஒட்டி நிற்கும். காலை 6 மணிக்குக் களத்தில் இருங்கள், 8 மணிக்கு வீடு திரும்பிவிடுங்கள். வயல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. எங்கே மருந்து அடித்திருக்கிறது, பக்கத்து வயலில் நவரை நட்டிருக்கிறார்களா, பன்றிக்கு மின்வேலி போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

நம் பக்கத்தில் நாய்க்குப் பெரிய எமன் கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறு. கரையில் புல் வளர்ந்து, விளிம்பே தெரியாமல் இருக்கும். மணம் பிடித்து ஓடும் நாய் முன்னால் இருக்கும் பள்ளத்தைப் பார்ப்பதில்லை. புது வயலில் இறங்கினால் முதலில் நாய் இல்லாமல் நீங்கள் ஒரு சுற்று நடந்து, கிணறு எங்கே, வரப்பில் எலி வளை எங்கே என்று பார்த்துவிட்டு வாருங்கள். எலி இருக்கும் வரப்பில் கண்ணாடி விரியன் இருக்க வாய்ப்பு உண்டு.

வற்றிய ஏரி நல்ல களம். ஆனால் மார்ச் தொடங்கியதும் அங்கே ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடத் தொடங்கும். தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். நாயைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள். கமண்டல நாகநதி மணலும் இளம் நாய்க்கு ஏற்றது, கால் மூட்டுக்கு இதமாக இருக்கும். காப்புக்காட்டுப் பக்கம் மட்டும் போக வேண்டாம். பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார் காலத்து மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே நல்லது.

மயில்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வயல்களில் அவை இல்லாத இடமே இல்லை. உங்கள் நாய் "வா" என்ற ஒரே அழைப்பில் திரும்பி வராதவரை அதை 10 மீட்டர் கயிறு இல்லாமல் திறந்த வயலில் விடாதீர்கள். மயிலின் பின்னால் ஒருமுறை ஓடிச் சுவை கண்ட நாயைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

மூக்கும் காற்றும்

டம்மியை நீங்களே செய்யலாம். பழைய சாக்கை ஒரு முழ நீளத்துக்கு உருளையாகத் தைத்து, மரத்தூளும் கிழிந்த துணியும் அடைத்து, 450 கிராம் வரும்படி வாயைக் கட்டுங்கள். கெட்டியாக இருக்கக் கூடாது, அமுக்கினால் விரல் அமிழ வேண்டும். கெட்டியான பொருளை நாய் அழுத்திக் கடிக்கப் பழகிவிடும். கறிக்கடையில் பண்ணைக் காடை அல்லது நாட்டுக்கோழியின் இறகு கேட்டால் சும்மாவே தருவார்கள். இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, நான்கைந்து இறகை டம்மியில் தைத்துவிடுங்கள். காட்டுக் காடை என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் இறகைக்கூட வாங்காதீர்கள்.

நாய் தேடும்போது காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வர வேண்டும். முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று அடித்தால், நாய் டம்மியைத் தாண்டிப் போன பிறகுதான் அதன் மணம் மூக்கில் ஏறும். காற்றின் திசை பார்க்க நெசவு வீட்டில் கழிவாகக் கிடக்கும் பட்டு இழை ஒன்றைக் குச்சியின் நுனியில் கட்டிப் பிடியுங்கள். இலை அசையாத விடியலிலும் அது அசையும்.

இனி தேடும் முறை. நாயை நேராக ஓடவிட்டால் வயலில் ஒரு கோட்டைத்தான் தேடியிருக்கும். தறியில் நாடா பாவுக்குக் குறுக்கே இப்படியும் அப்படியும் போய்வருவதுபோல, நாய் காற்றுக்குக் குறுக்கே இடமும் வலமும் போய் வர வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நீங்கள் சில அடி முன்னேறியிருக்க வேண்டும். பழக்குவது எளிது. நீங்களே குறுக்கும் நெடுக்குமாக நடங்கள். நாய் வயல் ஓரத்தைத் தொட்டதும் விசிலை இரண்டு முறை சிறிதாக ஊதிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி நடங்கள். அது உங்களை முந்திக்கொண்டு ஓடும். அடுத்த ஓரத்தில் மறுபடி ஊதுங்கள். சில வாரங்களில் நீங்கள் நடுக்கோட்டில் நடந்தால் போதும் என்ற நிலை வரும். காக்கர் உங்களிடமிருந்து 20, 25 மீட்டருக்குள் இருக்கட்டும்.

விசில் வாங்கும்போது பஸ் கண்டக்டரும் போக்குவரத்துக் காவலரும் ஊதும் வகையை வாங்காதீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதெல்லாம் நாய் குழம்பும். உள்ளே உருளும் மணி இல்லாத சிறு விசில் போதும். நீளமாக ஒன்று ஊதினால் உட்கார், விட்டுவிட்டுப் பலமுறை ஊதினால் திரும்பி வா. வாய்ச்சொல்லும் வீட்டில் எல்லாரும் ஒன்றையே சொல்ல வேண்டும். அப்பா "உட்கார்" என்றும் பிள்ளை "சிட்" என்றும் சொன்னால் நாய் இரண்டையும் கேட்காது.

டம்மியை ஒளிப்பவர் வேறொருவராக இருக்கட்டும். நாய் தேடப்போகும் பக்கத்திலிருந்து நடந்துபோய் வைத்தால் அது அவரது காலடித் தடத்தை மோந்துகொண்டே போய் எடுத்துவிடும், காற்றில் தேடக் கற்காது. வயலின் எதிர்ப்பக்கமாக உள்ளே வந்து, வைத்துவிட்டு, வந்த வழியே போகச் சொல்லுங்கள். 20 நிமிடம் கழித்து நாயை விடுங்கள். தலையைத் தாழ்த்தி ஓடிக்கொண்டிருந்த நாய் சட்டென்று தலையை உயர்த்தும். வாலாட்டும் வேகம் கூடும், ஓட்டம் சுருங்கும். மணத்தின் எல்லைக்குள் வந்துவிட்டது. அந்த நேரத்தில் வாயைத் திறக்காதீர்கள். கை காட்டவும் வேண்டாம். நீங்கள் உதவினால் அடுத்த முறை அது தேடாமல் உங்கள் முகத்தைப் பார்க்கும்.

நிலைத்து நிற்பது

பறவை நாயின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும். தேடும் ஆசை பிறவியிலேயே வருகிறது. ஆசை கொதிக்கும்போது அடங்கி நிற்பது பழக்கத்தால் மட்டுமே வரும். வேகத்தைப் பார்த்து மயங்குபவர்கள் இந்தப் பாடத்தைத் தள்ளிப்போடுவார்கள். பிறகு எந்தச் சோதனையிலும் அவர்கள் நாய் முதல் நிமிடத்திலேயே வெளியேறும்.

வீட்டுக்குள் தொடங்குங்கள். நாயை உட்காரவைத்து அதன் முன்னால் டம்மியை உருட்டுங்கள். பாய்ந்தால் திட்டாமல், அடிக்காமல், டம்மியை நீங்களே போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அசையாமல் இருந்தால் பத்து வரை எண்ணிவிட்டு "எடுத்து வா" சொல்லுங்கள். எறியும் டம்மிகளில் பாதியை நீங்களே எடுங்கள். விழுவதெல்லாம் தனக்குத்தான் என்று நாய் நினைக்கவே கூடாது.

அடுத்த கட்டத்துக்கு ஆரணியில் இருப்பதுபோன்ற வசதி எங்கும் கிடையாது. நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பட்டுப் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, இழை சேர்த்து, கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். மஞ்சளும் அரக்குமாக இழைகள் இடுப்பு உயரத்தில் விறைத்து நிற்கும். கீழே கோழி ஒன்று மேயும், அந்தப் பக்கம் தெருநாய் படுத்திருக்கும், குழந்தைகள் குறுக்கே ஓடுவார்கள். ஒரு நாய் பாவுக்குள் பாய்ந்தால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு போச்சு. ஆகவே பயிற்சிக்காக நாயைப் பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொல்லவில்லை. தெருமுனையில், 30, 40 மீட்டர் தள்ளி, குட்டைச் சங்கிலியில் பிடித்து உட்காரவையுங்கள். முதல் வாரம் 2 நிமிடம் போதும். கோழி ஓடினாலும், பையன் சைக்கிள் மணி அடித்தாலும் அது உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

முதலில் அங்கிருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். "அக்கா, நாயைச் சும்மா இங்க ஓரமா உக்கார வெச்சுக்கிறேன், கிட்ட வராது" என்றால், "சங்கிலியை மட்டும் உட்றாதப்பா, பாவு போட்டிருக்கு" என்பார்கள். அந்த வார்த்தையைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருமுனையில் 10 நிமிடம் முனகாமல் உட்காரும் நாய் எந்த வயலிலும் உட்காரும்.

மற்ற நாய்க்கு மரியாதை காட்டும் பாடத்துக்கு இன்னொரு நாயும் அதன் எஜமானரும் வேண்டும். ஒன்று டம்மியை நோக்கிப் போகும்போது மற்றது உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு முறை மாற்றுங்கள். ஆரம்பத்தில் இரண்டுக்கும் நடுவே 15 மீட்டர் இருக்கட்டும்.

எடுத்து வருவதிலும் நீரிலும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டம்மியோடு வரும் நாயைத் துரத்தாதீர்கள், பின்னோக்கி நடங்கள், அது வேகமாக வந்து சேரும். வாயிலிருந்து பிடுங்காமல் தாடைக்குக் கீழே கையை வைத்து வாங்குங்கள். ஏரியில் படிப்படியாக ஆழமாகும் கரையில் முதலில் நீங்கள் முழங்கால் வரை இறங்குங்கள். குட்டியைத் தூக்கி நீரில் எறிவது கொடுமை. அப்படிச் செய்தால் அது வாழ்நாள் முழுக்க நீரை வெறுக்கும்.

ஒரு சோதனை நாள்

நான்கு முதல் ஆறு நாய்கள் போதும். பனி இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுவடை முடிந்த இரண்டு ஏக்கர். எல்லா நாய்க்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி அந்த ஆண்டுக்குப் போட்டிருக்க வேண்டும், பருவத்தில் இருக்கும் பெண் நாயை அழைத்து வரக் கூடாது. எந்த நாய்க்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். நடுவர் இருவர், இருவருமே அன்று நாய் கொண்டுவராதவர்கள்.

முதல் சுற்றில் நாய்க்கு 10 நிமிடம், ஒளித்துவைத்த இரண்டு இறகு டம்மிகள். இரண்டாம் சுற்றில் நாய்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்க, 40 மீட்டர் தள்ளி ஒருவர் இரண்டு பலகைகளை ஓங்கித் தட்டிவிட்டு டம்மியை எறிவார். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதில் அது போதும், பட்டாசு வேண்டாம். நடுவர் பெயர் சொன்ன நாய் மட்டும் போய் எடுக்க வேண்டும். மற்றவை அசையக் கூடாது. தண்ணீர் இருந்தால் மூன்றாவதாக ஒரு நீர்ச் சுற்று.

நூறு மதிப்பெண்ணில் மூக்குக்கு 35, நிலைத்து நிற்பதற்கு 30, தேடும் முறைக்கு 20, எடுத்து வருவதற்கு 15 என்று பிரிக்கலாம் என்பது என் யோசனை. கூட்டிக் கழிப்பதைவிட முக்கியம், வெளியேற்றும் குற்றங்களில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதது. சொல்லாமல் பாய்ந்தாலும், டம்மியைக் கிழித்தாலும், இன்னொரு நாய் மேல் பாய்ந்தாலும் அந்த நாய் அன்றைக்கு அவ்வளவுதான். எஜமானர் நாயை அடித்தால் நாயை அல்ல, எஜமானரை வெளியேற்றுங்கள். 60 மதிப்பெண் தொட்ட ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சான்று கொடுங்கள். முதல் பரிசு ஒன்றே என்றால் இரண்டாம் ஆண்டு யாரும் வர மாட்டார்கள்.

வெயில்

இந்த வேலையில் ஆரணியில் நாய் சாகுமானால் பெரும்பாலும் வெயிலால்தான் சாகும். லேப்ரடார் குளிர்நீருக்கென்று அடர்ந்த உள்மயிரோடு உருவான நாய். அதற்கு வியர்வை நம்மைப்போல உடலெங்கும் வராது, நாக்கால்தான் சூட்டை இறக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வயல் பயிற்சியே வேண்டாம், வீட்டுக்குள் நிலைத்து நிற்கும் பாடம் மட்டும் நடக்கட்டும். மற்ற மாதங்களில் புறங்கையைத் தரையில் 7 நொடி வையுங்கள். உங்களால் வைக்க முடியாத தரையில் நாயின் பாதமும் வேகும்.

மூச்சிரைப்பு நிற்காமல் நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான உடல் சூடு 38.5 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துணியைப் போர்த்திவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். குளிரவைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள், எழுந்து நடந்துவிட்டது என்று திரும்பிவிட வேண்டாம். உள்ளுறுப்புச் சேதம் மறுநாள்கூடத் தெரியலாம்.

வயலிலிருந்து வந்ததும் காது மடல், கால் இடுக்கு, வால் அடி ஆகிய இடங்களில் உண்ணியும் நெருஞ்சி முள்ளும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் மாவட்டத்தில் சாதாரணம். இரண்டு நாள் சாப்பிடாமல் ஈறு வெளுத்திருந்தால் இரத்தப் பரிசோதனைக்குத் தாமதிக்காதீர்கள். வயல் நீரிலும் ஏரியிலும் இறங்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம்.

அடுத்து எங்கே

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் உறுப்பு மன்றங்கள் நாய்க் கண்காட்சிகளோடு கீழ்ப்படிதல் சோதனைகளையும் நடத்துகின்றன. உங்கள் நாய் மேலே சொன்ன சோதனை நாளில் தேறினால் அங்கே போட்டியிடத் தயார். ஊட்டியில் மே மாதம் நடக்கும் கண்காட்சிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மோப்பத் திறனுக்கென்றே நம் நாட்டில் நடக்கும் பெரிய போட்டி, அகில இந்தியக் காவல் பணித்திறன் போட்டியின் நாய்ப் பிரிவு. அது காவல் துறை நாய்களுக்கு மட்டும்தான். ஆனால் அதில் வெல்பவற்றில் எத்தனையோ லேப்ரடார்கள் உங்கள் மாடியில் படுத்திருக்கும் அதே இனம் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த வாரமே ஒரு சாக்கும் ஊசியும் எடுத்து டம்மியைத் தையுங்கள். தை பிறப்பதற்குள் வீட்டுக்குள் உட்காரும் பாடத்தை முடித்துவிட்டால், அறுவடை முடிந்த முதல் வயலிலேயே நாயை இறக்கலாம்.